ஸ்பிட்ஃபயர் மார்க் 3: இரண்டாவது கியருக்கு இழுத்தால் நாலாவது விழுகிறது

தேயிலை_ஃபிட்டர் (கோத்தகிரி)
ஞாயிறு, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டராக வேலை பார்க்கிறேன். மூன்று வருடங்களுக்கு முன்னால், ஒரு எஸ்டேட் பங்களாவின் கொட்டகையில் பதினொரு வருடம் ஓடாமல் நின்ற 1968 டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3 வண்டியை வாங்கினேன். 1296 சிசி எஞ்சின், நாலு கியர். பெட்ரோல் டாங்க், பிரேக் சிலிண்டர், கிளட்ச் சிலிண்டர், வயரிங் என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையாக நானே செய்து முடித்தேன். வண்டி இப்போது நன்றாக ஓடுகிறது. கியர் லிவர் மட்டும்தான் பாக்கி.

நியூட்ரலில் லிவரின் குமிழ் குழந்தையின் ஆடும் பல் மாதிரி எல்லாப் பக்கமும் போகிறது. மூன்றாவது கியரில் போட்டு நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டுக் குமிழை ஆட்டிப் பார்த்தால், கியர் விழுந்த பிறகும் பக்கவாட்டில் மூன்று சென்டிமீட்டர் நகர்கிறது. முன்னும் பின்னும் இரண்டு சென்டிமீட்டர் இருக்கும். எஞ்சின் 2,500 சுற்றைத் தாண்டினால் லிவரிலிருந்து ஒரு கிரீச் சத்தம். உள்ளங்கையை மேலே வைத்தால் நின்றுவிடுகிறது.

இதையெல்லாம் பழைய வண்டி என்று பொறுத்துக்கொண்டுதான் இருந்தேன். போன ஞாயிறு நடந்ததைப் பொறுக்க முடியவில்லை. மேட்டுப்பாளையம் இறங்கிக்கொண்டிருந்தேன். குஞ்சப்பனை தாண்டி ஒரு வளைவு. மூன்றாவதில் வந்தவன், இரண்டாவதுக்கு மாற்ற லிவரை இடது பக்கம் சாய்த்துக் கீழே இழுத்தேன். கிளட்சை விட்டதும் எஞ்சின் வண்டியைப் பிடிக்கவே இல்லை, வேகம்தான் கூடியது. நாலாவது விழுந்திருக்கிறது. எதிரில் காய்கறி லாரி ஒன்று ஏறி வந்துகொண்டிருந்தது. பிரேக்கை முழுசாக அழுத்தி ஓரமாக நிறுத்திவிட்டேன். பக்கத்தில் என் மகள், பத்து வயது. அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. லாரிக்காரர் கையை உயர்த்தினார், அவளும் பதிலுக்குக் கை காட்டினாள். எனக்கு அடிவாரத்தில் குளிர்ச்சி போய் வெயில் ஏறிய பிறகும் கை நடுக்கம் நிற்கவில்லை.

கோயம்புத்தூரில் ஒரு பட்டறையில் காட்டினேன். கியர் பாக்ஸைக் கழற்றி மொத்தமாகப் பிரித்துச் செய்ய வேண்டும், இரண்டு மாதம் ஆகும் என்றார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. கியர் பாக்ஸில் இரைச்சல் இல்லை, விழுந்த கியர் தானாக வெளியே துள்ளுவதில்லை, ஆயிலை வடித்தபோது துகள் எதுவும் வரவில்லை. லிவருக்கும் பாக்ஸுக்கும் நடுவில்தான் கோளாறு என்று நினைக்கிறேன். ஆனால் இந்தப் பகுதியை நான் ஒரு முறைகூடத் திறந்தது கிடையாது. திறந்தவர்கள் யாராவது இருந்தால், எங்கே ஆரம்பிக்க வேண்டும், எதைத் தொடக் கூடாது என்று சொல்லுங்கள். தொழிற்சாலை லேத்தில் டர்னிங் செய்துகொள்ள எனக்கு அனுமதி உண்டு.


காந்திபுரம்_ரைடர் (கோயம்புத்தூர்)
ஞாயிறு, இரவு 10.15

அண்ணா, இதற்குப் பாக்ஸ் எல்லாம் இறக்க வேண்டாம். லிவர் அடியில் ஆட்டம் இருக்கிற இடத்தில் ஒரு வாஷர் வைத்து இறுக்கி விடுங்கள். இல்லாவிட்டால் எல்லா இடத்திலும் பித்தளை புஷ் (மூட்டுக்குள் போடும் வளையம்) அடித்துப் போட்டுவிடுங்கள், ஆயுசுக்கும் தேயாது. என் மாமாவின் ஜீப்புக்கு அப்படித்தான் செய்தோம்.


தேயிலை_ஃபிட்டர்
ஞாயிறு, இரவு 10.32

நன்றி தம்பி. பித்தளை எனக்கும் முதலில் தோன்றியது. ஆனால் எந்த மூட்டு தேய்ந்திருக்கிறது என்று தெரியாமல் வாஷர் வைக்க எனக்குப் பயமாக இருக்கிறது. இறுக்கிவிட்டால் இன்றைக்கு ஆட்டம் நிற்கும், நாளைக்கு லிவர் கியரிலிருந்து திரும்ப வராமல் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது?


பழைய_பட்டறை (ஊட்டி)
திங்கள், காலை 6.20

தம்பி, உங்கள் மகள் கை காட்டியதைப் படித்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. விடிந்ததும் எழுதுகிறேன்.

நான் 1971-லிருந்து ஊட்டியில் பட்டறை வேலை பார்த்தவன். இப்போது ஓய்வு. அப்போது எஸ்டேட்காரர்கள், டாக்டர்கள், பள்ளிக்கூட ஆசிரியர்கள் என்று பாதிப் பேர் ஹெரால்டு வைத்திருந்தார்கள். வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1961 முதல் கட்டிய வண்டி. உங்கள் ஸ்பிட்ஃபயர் அந்த ஹெரால்டின் சட்டத்தை நீளம் குறைத்து, அதன் மேல் இத்தாலிய வடிவமைப்பாளர் மிக்கெலோட்டி வரைந்த உடம்பை வைத்த வண்டிதான். கியர் பாக்ஸும் லிவர் அமைப்பும் ஒரே குடும்பம். அதனால் இதை என் கை நன்றாக அறியும்.

முதலில் அந்த நாலாவது கியர் ஏன் விழுந்தது என்று புரிந்துகொள்ளுங்கள், பாதி வேலை அதிலேயே முடியும். மூன்றாவது வலது மேல், நாலாவது வலது கீழ், இரண்டாவது இடது கீழ். மூன்றிலிருந்து இரண்டுக்குப் போக லிவர் நியூட்ரலுக்கு வந்து, இடது பக்கம் நகர்ந்து, அப்புறம் கீழே போக வேண்டும். நீங்கள் குமிழை இடது பக்கம் சாய்த்தீர்கள். ஆனால் அந்தச் சாய்வு முழுவதையும் நடுவில் உள்ள ஆட்டமே தின்றுவிட்டது. பாக்ஸுக்குள் இருக்கும் தண்டு பக்கவாட்டில் நகரவே இல்லை. நேராகக் கீழே இழுத்த மாதிரிதான் அதற்குத் தெரிந்தது, நாலாவதைக் கொடுத்துவிட்டது. பாக்ஸ் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. உங்கள் கை சொன்னது அதன் காதுக்குப் போகவில்லை. நீங்கள் சந்தேகப்பட்டது சரி.

லிவரின் கணக்கு ஒன்று இருக்கிறது. லிவர் உட்கார்ந்து திரும்பும் உருண்டைக்கு மேலே நீளம் அதிகம், கீழே குறைவு. மேலே ஐந்து பங்கு, கீழே ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அடியில் ஒரு மில்லிமீட்டர் தேய்ந்தால் குமிழில் ஐந்து மில்லிமீட்டர் ஆடும். மூன்று மூட்டுகளில் ஆளுக்கு ஒன்றோ இரண்டோ மில்லிமீட்டர் தேய்ந்தால் நீங்கள் சொன்ன மூன்று சென்டிமீட்டர் வந்துவிடும். ஆகவே ஒரே ஒரு குற்றவாளியைத் தேடாதீர்கள். எல்லா மூட்டும் கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கும்.

திறக்கிற விதம். இந்த வண்டியில் எல்லாம் உள்ளே இருந்தே செய்யலாம், குழிக்குள் இறங்க வேண்டாம். இரண்டு சீட்டையும் கழற்றி, கம்பளத்தை எடுத்தால் கியர் பாக்ஸை மூடியிருக்கும் அட்டைக் கூடு தெரியும். அதுவும் பழைய அட்டை, நம் ஊர் ஈரத்தில் நைந்திருக்கும். போல்ட்டைத் திருகும்போது பிய்த்துவிடாதீர்கள், ஓரத்தைத் தாங்கிப் பிடித்துத் தூக்குங்கள். கூட்டை எடுத்தால் பாக்ஸின் மேல் மூடியும், அதிலிருந்து பின்பக்கம் நீளும் அலுமினியக் கையும், அதன் முனையில் லிவரும் தெரியும்.

எதையும் கழற்றுவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். மூன்றாவது கியரில் போடுங்கள். வீட்டில் ஒருவரைக் குமிழைப் பிடித்து மெதுவாக ஆட்டச் சொல்லுங்கள். வேகமாக வேண்டாம், தொட்டில் ஆட்டுகிற மாதிரி. நீங்கள் ஒவ்வொரு மூட்டின் குறுக்கேயும் ஆள்காட்டி விரலை வையுங்கள், பாதி விரல் இந்தத் துண்டில், பாதி அந்தத் துண்டில். இரண்டு துண்டும் சேர்ந்து நகர்ந்தால் அந்த மூட்டு நல்ல மூட்டு. விரலுக்கு அடியில் ஒன்று நகர்ந்து மற்றது நின்றால் அங்கே தேய்மானம். கண்ணை நம்பாதீர்கள், விரல் பொய் சொல்லாது. பாக்ஸ் பக்கத்திலிருந்து ஆரம்பித்துப் பின்னால் வாருங்கள். கடைசியில் பாக்ஸுக்குள் போகும் தண்டைக் கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். அதுவே தளர்வாக இருந்தால் மட்டும்தான் பட்டறைக்காரர் சொன்னது சரி.

பார்க்க வேண்டிய இடங்கள்: லிவர் உட்கார்ந்து திரும்பும் நைலான் உருண்டை. லிவரின் அடிமுனை தண்டோடு சேரும் குறுக்கு போல்ட்டும் அதன் நைலான் வாஷர்களும். முன் தண்டும் பின் தண்டும் சேரும் இடத்தில் உள்ள ரப்பர் புஷ். தண்டைக் கவையோடு பிடிக்கும் சாய்வு போல்ட். இந்த நாலோடு பாக்ஸின் பின்பக்க ரப்பர் மவுண்டையும் பார்த்துவிடுங்கள். ஆக்சிலேட்டரை மிதித்து விடும்போது லிவர் தானாக முன்னே பின்னே போனால் மவுண்ட்டும் போயிருக்கிறது என்று அர்த்தம்.

ரப்பர் இருக்கிற இடத்தில் பித்தளை வேண்டாம். கோயம்புத்தூர்த் தம்பி நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் அந்த ரப்பரை வைத்ததே பாக்ஸின் அதிர்வு லிவருக்கு வராமல் தடுக்கத்தான். பித்தளை போட்டால் உங்கள் கிரீச் சத்தம் பத்து மடங்கு ஆகும்.

எதைத் தொடக் கூடாது என்று கேட்டீர்கள். மேல் மூடியில் கியர் தண்டுகளுக்கு நடுவே சின்ன உருண்டைகளும் ஸ்பிரிங்குகளும் இருக்கின்றன. விழுந்த கியரை இடத்தில் பிடித்து வைப்பதும், இரண்டு கியர் ஒரே நேரத்தில் விழாமல் காப்பதும் அவைதான். அந்தத் தண்டுகளை உருவினால் உருண்டைகள் ஓடிவிடும், பாக்ஸுக்குள்ளேயும் விழும். உங்களுக்கு அந்த வேலை இப்போது வேண்டாம்.


கல்லட்டி_டிரைவர் (மசினகுடி)
திங்கள், பகல் 1.05

நான் இருபத்திரண்டு வருடம் லாரி ஓட்டியவன். ரிப்பேர் பற்றி எனக்குத் தெரியாது, அது பெரியவர் சொல்லட்டும். சரியாகும் வரை எப்படி ஓட்டுவது என்று மட்டும் சொல்கிறேன்.

வளைவுக்குள் கியர் மாற்றாதீர்கள். கல்லட்டியில் 36 கொண்டை ஊசி வளைவு. அங்கே நாங்கள் வளைவு கண்ணில் படுவதற்கு முன்பே கியரைப் போட்டு முடித்துவிடுவோம். எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். மூன்றிலிருந்து இரண்டுக்கு வரும்போது நியூட்ரலில் ஒரு நொடி நிறுத்தி, லிவரை இடது பக்கம் கடைசி வரை தள்ளி, அங்கே முட்டியது கைக்குத் தெரிந்த பிறகு கீழே இழுங்கள். கிளட்சை ஒரேயடியாக விடாமல் பாதியில் நிறுத்தி எஞ்சின் பிடிக்கிறதா என்று பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் தப்பான கியர்.

உங்கள் வண்டியில் முதல் கியருக்குச் சிங்க்ரோ (கியர் விழும்போது வேகத்தைச் சமப்படுத்தும் அமைப்பு) கிடையாது என்று கேள்விப்பட்டேன். அப்படியானால் ஓடும்போது முதலுக்கு வர டபுள் கிளட்ச் (நியூட்ரலில் கிளட்சை ஒரு முறை விட்டு மறுபடி மிதிப்பது) போட்டே ஆக வேண்டும். பழைய லாரி எல்லாம் அப்படித்தான்.

அந்தக் காய்கறி லாரிக்காரருக்கு என் நன்றி. ஏறி வருகிற வண்டிக்குத்தான் வழி, ஆனாலும் அவர் நின்றிருக்கிறார்.


தேயிலை_ஃபிட்டர்
புதன், இரவு 8.50

ஐயா, நீங்கள் இவ்வளவு எழுதியதற்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. டிரைவர் அண்ணாவுக்கும் நன்றி. சரியாகும் வரை மலை இறங்குவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். முதல் கியர் பற்றி அவர் கேள்விப்பட்டது உண்மைதான், 1970 கடைசியில் வந்த மார்க் 4-ல்தான் அதற்கும் சிங்க்ரோ வந்தது.

நேற்று விடுப்பு எடுத்துக் கூட்டைத் திறந்தேன். அட்டை நீங்கள் சொன்ன மாதிரியே ஒரு மூலையில் கூழாகிக் கிடந்தது. லிவரை ஆட்டியது என் மகள்தான். தொட்டில் மாதிரி என்று சொன்னதும் சரியாகப் பிடித்துக்கொண்டாள். விரல் வைத்த முதல் மூட்டிலேயே தெரிந்துவிட்டது ஐயா. எட்டிப் பார்த்தபோது எல்லாம் சேர்ந்து ஆடுகிற மாதிரிதான் இருந்தது, விரலுக்குத்தான் வித்தியாசம் புரிந்தது.

பாக்ஸுக்குள் போகும் தண்டு கல் மாதிரி நிற்கிறது. அதைப் பிடித்துப் பார்த்தபோது வந்த நிம்மதி பெரிது. ரப்பர் புஷ் இருக்க வேண்டிய இடத்தில் ரப்பரே இல்லை. யாரோ முன்னால் சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றி அடைத்திருக்கிறார்கள். அது வெந்து கறுப்புப் பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. நைலான் உருண்டையில் மேலிருந்து கீழாக ஒரு விரிசல். குறுக்கு போல்ட்டின் வாஷர்களில் ஒன்றைக் காணவே காணோம், இன்னொன்று ஒரு பக்கம் காகிதம் போலத் தேய்ந்திருக்கிறது. போல்ட்டின் நடுவில் பள்ளம், வெர்னியரில் 0.6 மி.மீ. காட்டியது. சாய்வு போல்ட் இறுக்கமாகத்தான் இருந்தது, ஆனால் அதைக் கட்டிவைக்கும் கம்பி இல்லை. பின்பக்க மவுண்டில் ரப்பர் உயிரோடு இருக்கிறது.

நாலு இடத்தில் மூன்று போயிருக்கிறது. உருண்டையையும் வாஷர்களையும் நைலான் ராடில் நானே கடைந்துவிடலாம் என்று இருக்கிறேன். ரப்பர் புஷ்ஷுக்கு என்ன செய்யலாம்?


கொடை_ஹெரால்டு (கொடைக்கானல்)
புதன், இரவு 10.10

தம்பி, நைலான் வாங்குவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

என்னிடம் 1966 ஹெரால்டு இருக்கிறது. நாலு வருடங்களுக்கு முன்னால் இதே வேலைக்கு வத்தலக்குண்டில் ஒரு லேத்தில் நைலான் புஷ் கடைந்து வாங்கினேன். மே மாதம், அங்கே நல்ல வெயில். புஷ் அவ்வளவு அழகாக உட்கார்ந்தது, கொஞ்சமும் ஆட்டம் இல்லை. வண்டியைக் கொடைக்கானலுக்குக் கொண்டுவந்தேன். அக்டோபரில் மழையும் மூடுபனியும் பிடித்தது, மூன்று வாரம் ஏரி கண்ணுக்கே தெரியவில்லை. ஒரு நாள் காலையில் லிவர் அசையவில்லை. இரண்டு கையால் தள்ளித்தான் நியூட்ரலுக்கு வந்தது. பனிக்குத்தான் கிரீஸ் இறுகிவிட்டது என்று நினைத்தேன். பிரித்துப் பார்த்தால் புஷ் ஊதியிருக்கிறது.

நைலான் தண்ணீரை உறிஞ்சும், காற்றில் உள்ள ஈரத்தையும் உறிஞ்சும். உறிஞ்சினால் பருக்கும். சமவெளியில் காய்ந்த அறையில் சரியான அளவுக்குக் கடைந்தால் நம் மலைக்கு வந்ததும் இறுகிவிடும். வண்டி கட்டியவர்கள் அதற்கான இடைவெளியோடுதான் செய்திருப்பார்கள், நாமாகக் கடையும்போது அது தெரிவதில்லை. அப்புறம் டெல்ரின் ராடு வாங்கினேன். கடையில் அசிட்டால் என்றும் சொல்வார்கள். அது ஈரத்தை மிகக் குறைவாகத்தான் எடுக்கும், வழுக்கலும் நன்றாக இருக்கும். மூன்று மழைக்காலம் கடந்துவிட்டது, இன்றும் முதல் நாள் மாதிரியே இருக்கிறது.

ரப்பர் புஷ்ஷை மட்டும் கடையப் பார்க்காதீர்கள். இங்கிலாந்தில் இந்த வண்டிகளுக்கு இன்னும் எல்லாச் சாமானும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். நான் தபாலில் வரவழைத்தேன். புஷ்ஷின் விலையைவிடத் தபால் செலவும் வரியும் அதிகம் ஆனது, ஆனாலும் மனசு நிறைவாக இருந்தது. கூடுதலாக ஒரு ஜோடி என்னிடம் இருக்கிறது. ஸ்பிட்ஃபயருக்கும் சரியாக வரும் என்றுதான் நினைக்கிறேன், நீங்கள் வெளிவிட்டம், உள்விட்டம், நீளம் மூன்றையும் அளந்து இங்கே போடுங்கள். ஒத்துவந்தால் பழனி பஸ்ஸில் கொடுத்து அனுப்பாமல் கூரியரிலேயே பத்திரமாக அனுப்புகிறேன். காசெல்லாம் அப்புறம் பார்க்கலாம்.

அந்த ரப்பரில் சாதாரண கிரீஸ் பட வேண்டாம், ஊறிப் போய்விடும். சிலிக்கோன் கிரீஸ் தடவுங்கள்.


பழைய_பட்டறை
வியாழன், காலை 6.05

கொடைக்கானல் அம்மா சொன்ன ஈரச் சமாசாரம் முழுக்க உண்மை. அந்தக் காலத்தில் எங்களுக்குக் கம்பெனி உருண்டையே கிடைத்ததால் இந்தப் பிரச்சினை வரவில்லை. இன்றைக்குக் கடைந்து போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

தம்பி, பள்ளம் விழுந்த போல்ட்டைத் திரும்பப் போடாதீர்கள். புது வாஷர் போட்டாலும் ஆறு மாதத்தில் அந்தப் பள்ளம் அதைத் தின்றுவிடும். கடையில் கிடைக்கும் முழு மரை போல்ட்டும் வேண்டாம். மரை அரம் மாதிரி அறுக்கும். வாஷர் உட்காரும் இடம் முழுவதும் வழுவழுப்பான தண்டாக இருக்கிற, உறுதியான எஃகு போல்ட்டைத் தேடிப் பிடித்து, நீளத்துக்கு வெட்டிக்கொள்ளுங்கள்.

சாய்வு போல்ட்டை ஒரு முறை கழற்றிப் பாருங்கள். கம்பி இல்லாமல் எத்தனை வருடம் ஓடியதோ தெரியாது. துளை வட்டமாக இருந்தால் துடைத்து அதையே இறுக்கிக் கம்பி கட்டுங்கள். கம்பியை போல்ட் இறுகும் திசையில் இழுக்கிற மாதிரிக் கட்ட வேண்டும். துளை நீள்வட்டமாகியிருந்தால் எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது, ரீமர் போட்டுத் துளையைப் பெரிதாக்கி, பெரிய பின் வைக்க வேண்டும். அப்படி இருந்தால் எழுதுங்கள், அது தனி வேலை.


தேயிலை_ஃபிட்டர்
இரண்டு வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 6.30

வேலை முடிந்தது. பின்னால் யாராவது தேடி வந்தால் உதவும் என்பதால் விவரமாக எழுதுகிறேன்.

சாய்வு போல்ட்டின் துளை வட்டமாகத்தான் இருந்தது. துடைத்து, திரும்ப இறுக்கி, கம்பி கட்டினேன். ரப்பர் புஷ் அளவு அக்காவிடம் இருந்ததோடு பொருந்தியது, நான்காம் நாள் கூரியர் வந்துவிட்டது. பொட்டலத்துக்குள் ஒரு சின்ன டப்பாவில் சிலிக்கோன் கிரீஸும் வைத்திருந்தார்கள். அக்கா, என் மனைவி உங்களுக்கு எங்கள் தோட்டத்துத் தேயிலை அனுப்பியிருக்கிறாள், வந்து சேர்ந்ததா?

டெல்ரின் ராடு கோயம்புத்தூரில் வாங்கினேன். இதற்கு முன்னால் நான் லேத்தில் கடைந்தது எல்லாம் இரும்பும் பித்தளையும்தான். டெல்ரின் வேறு மாதிரி இருக்கிறது. டூலை ரொம்பக் கூர்மையாகத் தீட்ட வேண்டும். மழுங்கினால் வெட்டாமல் தள்ளுகிறது. சீவல் உடையாமல் நூல் நூலாக நீண்டு வந்து, ராடைப் பிடிக்கும் சக் மேல் சுற்றிக்கொள்கிறது, அடிக்கடி நிறுத்தி எடுத்தேன். முதல் உருண்டை வீணானது. கடைந்த சூட்டோடு அளந்து, சரியாக இருக்கிறது என்று கழற்றிவிட்டேன். அரை மணி நேரம் கழித்து அளந்தால் சுருங்கியிருந்தது. இரண்டாவதைக் கடைசிச் சீவலுக்கு முன்னால் ஆற விட்டு, ஒரு டீ குடித்துவிட்டு வந்து முடித்தேன். போல்ட்டுக்கும் வாஷருக்கும் நடுவே 0.08 மி.மீ. இடைவெளி விட்டேன். கையால் தள்ளினால் போகும், தானாக விழாது.

போல்ட்தான் எதிர்பார்க்காத இடத்தில் கிடைத்தது. தொழிற்சாலையின் பழைய சாமான் பெட்டியில், கழித்துப் போட்ட ஒரு மெஷினின் போல்ட். வழுவழுப்பான தண்டு, விட்டம் அப்படியே ஒத்துப்போனது. மேனேஜரிடம் கேட்டுத்தான் எடுத்தேன்.

மாட்டும்போது ஒரு தப்புச் செய்தேன். உருண்டைக்கு மேல் மூடியை அழுத்தும் ஸ்பிரிங்கைத் தலைகீழாக வைத்துவிட்டேன். லிவர் இறுக்கமாக, வறண்டு போன மாதிரி நகர்ந்தது. பிரித்துத் திருப்பி வைத்ததும் சரியாகிவிட்டது. கழற்றும்போதே ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அட்டைக் கூட்டின் நைந்த மூலையை வெட்டி எடுத்து, மெல்லிய அலுமினியத் தகடு வைத்து ரிவெட் அடித்தேன். உள்பக்கம் முழுவதும் இரண்டு கோட் பெயின்ட்.

இப்போது கணக்கு. மூன்றாவது கியரில் குமிழின் பக்கவாட்டு ஆட்டம் மூன்று சென்டிமீட்டராக இருந்தது ஆறு மில்லிமீட்டர் ஆகியிருக்கிறது. முன்னும் பின்னும் நாலு மில்லிமீட்டர். கிரீச் சத்தம் போய்விட்டது. 3,500 சுற்று வரை பார்த்தேன், லிவர் பேசாமல் இருக்கிறது.

முதலில் எங்கள் ஹட்டிக்கு (ஊருக்கு) போகும் சின்னச் சாலையில் ஏற்றியும் இறக்கியும் ஐம்பது முறையாவது மூன்றிலிருந்து இரண்டுக்கு மாற்றிப் பார்த்தேன். டிரைவர் அண்ணா சொன்ன மாதிரி இடது பக்கம் முட்டுவது இப்போது கைக்குத் தெளிவாகத் தெரிகிறது. முன்பு அப்படி ஒரு முட்டல் இருந்ததே எனக்குத் தெரியாது. அப்புறம் இன்று காலை தனியாக மேட்டுப்பாளையம் இறங்கினேன். 33 கிலோமீட்டர், கிட்டத்தட்ட 1,500 மீட்டர் இறக்கம். ஒரு கியர்கூடத் தப்பவில்லை. அதே வளைவுக்கு முன்னால் இரண்டாவது விழுந்தது, எஞ்சின் வண்டியைப் பின்னால் இழுத்துப் பிடித்தது. அந்தச் சத்தம் எவ்வளவு இதமாக இருந்தது என்று உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கீழே இறங்கியதும் நிறுத்திப் பிரேக் டிஸ்க்கைப் பக்கத்தில் கை வைத்துப் பார்த்தேன், போன முறை வந்த தீய்ந்த வாசனை இல்லை.

அடுத்த ஞாயிறு மகளை அழைத்துப் போகிறேன். லிவரை ஆட்டிப் பிடித்துக் கொடுத்தவள் அவள்தான், ஓட்டம் எப்படி இருக்கிறது என்று அவளும் பார்க்க வேண்டும்.


கல்லட்டி_டிரைவர்
ஞாயிறு, இரவு 7.15

ரொம்பச் சந்தோஷம் தம்பி. பாப்பாவிடம் ஒரு லாரி மாமா விசாரித்ததாகச் சொல்லுங்கள்.


கொடை_ஹெரால்டு
ஞாயிறு, இரவு 7.40

தேயிலை வெள்ளிக்கிழமையே வந்துவிட்டது, நேற்று மழையில் முதல் டம்ளர் போட்டோம். அந்த 0.08 அளவை என் நோட்டில் குறித்துக்கொண்டேன். சூடு ஆறிய பிறகு அளக்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. டெல்ரினில் என் முதல் செட் ஏன் சற்றுத் தளர்வாக வந்தது என்று இன்றைக்குத்தான் புரிகிறது.


பழைய_பட்டறை
திங்கள், காலை 6.10

தம்பி, நல்ல வேலை. ஆறு மில்லிமீட்டர் என்பது புது வண்டிக்கே இருக்கும், அதற்கு மேல் குறைக்கப் போகாதீர்கள். லிவருக்குக் கொஞ்சம் மூச்சு வேண்டும்.

ஒரு வேலை பாக்கி. புது ரப்பர் சூட்டில் கொஞ்சம் அமுங்கும். முன்னூறு, நானூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு கூட்டை ஒரு முறை திறந்து குறுக்கு போல்ட்டின் நட்டையும் கம்பியையும் பாருங்கள். பாப்பாவையே லிவரை ஆட்டச் சொல்லி நீங்கள் விரல் வையுங்கள். அன்றைக்கே கியர் ஆயிலின் அளவையும் பார்த்துவிடுங்கள், பக்கத்துத் துளை விளிம்பு வரை இருக்க வேண்டும்.